ஆச்சி இடுப்பில் கருப்புப் பொருக்கு: அமாக்ஸிசிலின் ஏன் கேட்கவில்லை?

கல்லிடை முத்து:
எங்கள் ஆச்சிக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். பிசான நடவு முடிந்த கையோடு மாட்டுக்கு வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள். ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். மண்டையிடி வேறு. பிறகு பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். அங்கே டாக்டரம்மா ரத்தம் எடுப்பதற்கு முன்பே அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு என்று டார்ச் அடித்துத் தேடினார். பாவாடை நாடா அழுந்துகிற இடத்தில் சட்டைப் பித்தான் அளவில் ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். "வலிக்கா ஆச்சி?" என்றார். "இது எப்ப வந்துச்சுன்னே தெரியாதே தாயி" என்றாள் ஆச்சி. ஸ்க்ரப் டைஃபஸ் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது.

இப்போது என் சந்தேகம். அமாக்ஸிசிலினும் ஆன்டிபயாட்டிக்தானே, அது ஏன் கேட்கவில்லை? அப்புறம், எங்கள் வீட்டிலேயே எதிர்ப்புச் சக்தி அதிகம் உள்ள ஆள் ஆச்சிதான். சளி, இருமல் என்று படுத்துப் பார்த்ததே இல்லை. அவளுக்கே வந்துவிட்டதே? சக்தி கூட்ட என்ன கொடுக்கலாம்?

வரப்புக்காரன், சேரன்மகாதேவி:
எங்க அண்ணனுக்கும் வயல் வேலை முடிஞ்சுதான் வந்தது. அவனுக்கு எலிக்காய்ச்சல்னு சொன்னாங்க. பென்சிலின் ஊசி போட்டுத்தான் சரியாச்சு. இதுவும் அதுவும் ஒண்ணா?

லேப் செல்வி, அம்பாசமுத்திரம்:
ஒன்று இல்லை அண்ணாச்சி. எலிக்காய்ச்சலுக்குக் காரணம் லெப்டோஸ்பைரா. சுருள் சுருளாக, நுனி கொக்கி மாதிரி வளைந்த பாக்டீரியா. எலி சிறுநீரில் இறங்கி வயல் தண்ணீரில் கிடக்கும், கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். முத்து தம்பி சொல்வது ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்கிற வேறொரு பாக்டீரியா. அது தண்ணீரில் வராது. புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துத்தான் வரும். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களே, அது இதுதான். ஆனால் மாட்டு உண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குஞ்சு கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணில் படாது. வழக்கமாக எலி மேல் ஒட்டிப் பிழைக்கும், மனுஷனைக் கடிப்பது தப்பித் தவறித்தான். கடித்த ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். நம் பக்கம் மழை விட்டுக் குளிர ஆரம்பிக்கும்போதுதான் அதிகம்.

எங்கள் லேபில் இதற்குக் கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது, போட்டுப் பிரயோஜனமே இல்லை. சீழில் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் ரத்த அகார் பிளேட்டில் கோடு இழுத்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் போதும், மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒரியன்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அகாரில் எத்தனை நாள் வைத்தாலும் பிளேட் பிளேட்டாகவே இருக்கும்.

பாளை வாத்தியார்:
செல்வி கடைசியில் சொன்ன வரியில்தான் முத்துவின் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே. நுண்ணுயிரியல் வகுப்பில் நான் பையன்களைத் திருப்பித் திருப்பிக் கேட்கச் சொல்வது இதைத்தான்: கிருமி நம் செல்லுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

திருடன் தெருவில் நின்றால் ஊர் கூடி அமுக்கிவிடலாம். வீட்டுக்குள் புகுந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் தெருவில் எத்தனை பேர் கம்போடு நின்று என்ன?

லெப்டோஸ்பைரா தெருவில் நிற்கிற ரகம். ரத்தத்தில், செல்லுக்கு வெளியே நீந்தித் திரியும். ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள் தயாரிக்கும் ஆன்டிபாடி என்கிற புரதம் அதன் மேல் போய் ஒட்டும். ஒட்டிய உடனே, ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டுக் கிருமியின் மேலுறையில் துளை போடும். விழுங்கும் செல்களுக்கும் ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைப் பிடிப்பது சுலபம். ஆக, ஆன்டிபாடி போதுமான அளவு வந்துவிட்டால் லெப்டோ ரத்தத்தை விட்டு ஓடிவிடும்.

ஒரியன்ஷியா ரத்தக் குழாய்களின் உள்வரிச் செல்களுக்குள்ளும், நம்மைக் காப்பாற்ற வந்த மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல்லுக்குள்ளுமே போய் உட்காரும். செல் அதை ஒரு பைக்குள் வைத்துத்தான் விழுங்கும். அந்தப் பையிலேயே வைத்து அரைத்துவிடுவதுதான் செல்லின் திட்டம். இது பையைக் கிழித்துக்கொண்டு செல்சாற்றுக்குள் இறங்கிவிடும். அங்கே ஆன்டிபாடி எட்டாது, காம்ப்ளிமென்ட் எட்டாது.

பிறகு யார் பிடிப்பது? டி செல், வெள்ளையணுவில் இன்னொரு ரகம். நம் செல் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தன் உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, மேல் சவ்வில் எடுத்து வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும், நோய் நொடி இல்லாத நாளிலும்கூட. கொல்லும் டி செல்கள் ஒவ்வொரு செல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். அந்நியத் துண்டு ஒன்று தட்டுப்பட்டால் கிருமியைத் தேடிக்கொண்டிருக்காது, அந்தச் செல்லையே சாகடித்துவிடும். இன்னொரு வகை, உதவும் டி செல், இன்டர்ஃபெரான் காமா என்கிற சேதிப் பொருளைச் சுரந்து மேக்ரோஃபேஜை முடுக்கிவிடும். அதுவரை கிருமிக்கு வாடகை இல்லாமல் இடம் கொடுத்துக்கொண்டிருந்த அதே மேக்ரோஃபேஜ் அப்புறம் அதை உள்ளேயே வைத்துக் கொல்லும்.

மருந்துக்கும் இதே கணக்குதான். பென்சிலின், அமாக்ஸிசிலின் எல்லாம் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கட்டவிடாமல் கெடுப்பவை. லெப்டோஸ்பைராவுக்கு அந்தச் சுவர் உண்டு, அதனால் வரப்புக்காரரின் அண்ணனுக்கு ஊசி கேட்டது. ஒரியன்ஷியாவுக்குச் சுவர் பேருக்குத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு இந்த மருந்துகள் நம் செல்லுக்குள் சரியாக நுழைவதும் இல்லை. டாக்ஸிசைக்ளின் உள்ளே நுழையும். கிருமியின் ரைபோசோமில் உட்கார்ந்துகொண்டு புரதம் தயாரிக்கவிடாது. ஒரே வயல், ஒரே எலி, ஆனால் இரண்டு காய்ச்சலுக்கு இரண்டு விதமான சண்டை.

இரண்டாம் பெஞ்சு:
சார், பி.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். மெட்ச்னிகாஃப், எர்லிக் என்று இரண்டு பேர் சண்டை போட்டதாகப் பாடத்தில் வருகிறது. இதுதான் அந்தச் சண்டையா?

பாளை வாத்தியார்:
கிட்டத்தட்ட. 1882இல் இத்தாலியில் மெசினா கடற்கரையில் மெட்ச்னிகாஃப் நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். அந்த லார்வா கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பது வெளியே தெரியும். மறுநாள் விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. "உடம்பைக் காப்பது செல்கள்தான்" என்றார். ஜெர்மனிக்காரர்கள் ரத்த நீரில் இருக்கும் பொருள்தான் எல்லாம் என்றார்கள். எர்லிக் அந்தப் பக்கம். 1908இல் நோபல் கமிட்டி இருவருக்கும் பாதிப் பாதியாகப் பரிசைக் கொடுத்துவிட்டது. பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி தெரியும், ஆனால் நியாயமான தீர்ப்பு. டெட்டனஸ் நஞ்சுக்கு ரத்த நீரில் இருக்கும் ஆன்டிபாடி மட்டுமே போதும். காசநோய்க்கு அது மட்டும் போதாது. எச்.ஐ.வி. உதவும் டி செல்லை அழிக்கிறது, அழிந்ததும் முதலில் தலைதூக்குவது பெரும்பாலும் காசநோய். காரணம் இப்போது உனக்கே தெரியும், காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜுக்குள் குடியிருக்கிறது.

கல்லிடை முத்து:
ஆச்சிக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது சார். கிளினிக்கில் அதைப் பார்த்துவிட்டு "கால்ல எங்கயாவது புண் இருக்கா" என்று கேட்டதோடு சரி.

பாளை வாத்தியார்:
நெறி கட்டுவது நல்ல துப்பு. கடித்த இடத்தில் காவல் நிற்கும் டென்ட்ரிடிக் செல் கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாகப் பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். நம் உடம்பில் இருக்கும் டி செல், பி செல் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம்தான் பிடிபடும். இத்தனை கோடி வடிவம் எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்த டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுத் துண்டுகளைச் செல் தானே வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்கிறது. இந்தக் கூட்டத்தில் ஒரியன்ஷியாவின் துண்டுக்குப் பொருந்துவது ஒரு சில செல்கள் மட்டுமே. பொருந்தியது கிடைத்ததும் அது இரண்டு, நாலு, எட்டு என்று பெருகும். அதுதான் நெறி. கை வைத்தால் தட்டுப்படுகிற அந்தக் கட்டியில் புதிதாகப் பிறந்த படை நிறைய. இப்படிப் பெருகிக் களத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம்தான் ஆபத்தான இடைவெளி.

லேப் செல்வி:
அந்த ஒரு வாரத்தால் எங்கள் பாடும் திண்டாட்டம். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே ஸ்க்ரப் ஐஜிஎம் எலைசா (ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எழுதி அனுப்புவார்கள். உடம்பு அதற்குள் ஆன்டிபாடி தயாரித்திருக்காது, அதனால் நெகட்டிவ் வரும். "அப்போ ஸ்க்ரப் இல்லை" என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நெகட்டிவ் என்றால் இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பொருக்கு இருந்தால் டாக்டர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பிப்பது இதனால்தான்.

வீல்-ஃபெலிக்ஸ் என்று 1916லிருந்து இருக்கிற ஒரு பழைய டெஸ்டும் உண்டு, இன்னும் சில இடங்களில் போடுகிறார்கள். அதில் ஒரியன்ஷியாவே கிடையாது! சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவின் ஓஎக்ஸ்-கே ரகத்தை நோயாளியின் சீரத்தோடு (ரத்த நீரோடு) கலந்து கட்டி தட்டுகிறதா என்று பார்ப்போம். ஒரியன்ஷியாவுக்காக உண்டான ஆன்டிபாடி இதிலும் ஒட்டிக்கொள்ளும். மலிவு, ஆனால் நம்பிக்கை குறைவு. நிறையப் பேரைத் தவறவிட்டுவிடும்.

இரண்டாம் பெஞ்சு:
காய்ச்சல் எதற்கு வருகிறது? கிருமி சூடு உண்டாக்குகிறதா?

லேப் செல்வி:
இல்லை தம்பி, சூட்டை ஏற்றுவது நாம்தான். மேக்ரோஃபேஜ் முதலான செல்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று சில சேதிப் பொருள்களை ரத்தத்தில் விடும். அதனால் மூளையின் ஹைப்போதலாமஸில் புராஸ்டகிளாண்டின் கூடி, "உடம்புச் சூடு இவ்வளவு இருக்க வேண்டும்" என்கிற அளவையே உயர்த்திவிடும். உடம்பு அந்த அளவுக்கு ஏறத் தசையைக் குலுக்கிச் சூடு பண்ணுவதுதான் குளிர் நடுக்கம். பாராசிட்டமால் புராஸ்டகிளாண்டினைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. ஆச்சிக்குச் சாயங்காலம் சாயங்காலம் ஏறி இறங்கியதற்கு மாத்திரையின் வேகம் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சித்தரடியான்:
இவ்வளவு பேசுகிறீர்கள். நம் முன்னோர் நிலவேம்புக் கஷாயம் குடித்தார்கள், சக்தி கூடியது, நோய் ஓடியது. இப்போது எல்லாரும் மாத்திரைக்கு அடிமை. முத்து, ஆச்சிக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் கொடுங்கள். எந்தக் காய்ச்சலும் அண்டாது.

பாளை வாத்தியார்:
ஐயா, நிலவேம்பை நான் குறை சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டிலும் காய்ச்சுவோம். "எந்தக் காய்ச்சலும் அண்டாது" என்பதில்தான் எனக்குத் தகராறு. எதிர்ப்புச் சக்தி என்று ஒற்றைச் சக்தி கிடையாது. ஆச்சிக்குச் சளி பிடிக்காததற்குக் காரணம், ஆயுசு முழுக்கப் பார்த்த சளி வைரஸ்களுக்கு அவளிடம் நினைவுச் செல்கள் (பழைய கிருமியை அடையாளம் வைத்திருப்பவை) இருப்பது. அந்தச் செல்கள் ஒரியன்ஷியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பியும் வயதானால் சுருங்கிப்போகிறது. ஒன்றில் பலசாலி, இன்னொன்றில் புது ஆள். இதில் எதைக் கூட்டுவது?

கூட்டுவது எப்போதும் நல்லதா என்பதும் கேள்வி. மூட்டுவாதத்தில் கை விரல் கோணிப்போவது இதே படை சொந்த மூட்டைத் தாக்குவதால். ஸ்க்ரப் டைஃபஸ் முற்றிப் போனால் ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரலில் நீர் கோர்க்கும். அதில் கிருமி செய்த சேதம் பாதி என்றால் நம் படை செய்த சேதமும் கணிசம்.

கடையநல்லூரான்:
2012 டெங்கு நினைவிருக்கிறதா? எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடந்தார்கள். அப்போது ஒரு டாக்டர் சொன்னார், முதல் தடவை வந்தவனைவிட இரண்டாம் தடவை வந்தவனைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று. ஒரு தடவை வந்தால் எதிர்ப்பு வந்திருக்க வேண்டாமா? தலைகீழாக அல்லவா இருக்கிறது?

பாளை வாத்தியார்:
அருமையான இடத்தைத் தொட்டீர்கள். டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நெடுநாள் பாதுகாப்பு உண்டு. பிறகு வேறொரு வகை வந்தால், பழைய ஆன்டிபாடி அதன் மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. மேக்ரோஃபேஜ் மேல் ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கின்றன. அது வாலைப் பிடித்து இழுக்க, வைரஸும் உயிரோடு கூடவே உள்ளே போய்விடும். டெங்கு வைரஸ் பெருகுவதே அந்தச் செல்களில்தான். ஆன்டிபாடியே கைப்பிடித்து வீட்டுக்குள் விட்ட கதை. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனாலும் இரண்டாம் தடவையில் ஆபத்து கூடுதல் என்பது உண்மை. "ஆன்டிபாடி கூடினால் நல்லது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வி.கே.புரம் மதினி:
எங்க மாமியாருக்கு முதுகிலேருந்து ஒரு பக்கமா அக்கி வந்து, வேளார் வீட்டுல போய்க் காவியால எழுதிட்டு வந்தாங்க. சின்ன வயசுல அம்மை போட்ட அதே கிருமிதான்னு நர்ஸ் சொன்னாங்க. அம்மை ஒரு தடவை வந்தா வராதுன்னுதானே சொல்வோம்?

பாளை வாத்தியார்:
நர்ஸ் சொன்னது சரி மதினி. சின்னம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் படுத்திருக்கும். வெளியே வராமல் அதை அமுக்கி வைத்திருப்பது டி செல்கள். ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும், ஆனாலும் வயதாகி டி செல் பலம் குறைந்தால், படுத்திருந்த நரம்பின் வழியாகவே இறங்கி அந்த நரம்பு போகிற பட்டையில் மட்டும் கொப்புளம் போடும். அதனால்தான் ஒரு பக்கமாகவே வருகிறது. காவி எழுதுவது உங்கள் மனசு. உடைந்த கொப்புளத்தில் மண் படக்கூடாது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டர். வைரஸுக்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.

சித்தரடியான்:
அப்போது எதுவுமே செய்ய முடியாதா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

பாளை வாத்தியார்:
செய்யலாம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது பெரிய விஷயம், சர்க்கரை கூடினால் விழுங்கும் செல்கள் மந்தமாகிவிடும். ஆச்சிகள் வெறும் கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளாமல் பருப்பு, முட்டை, மீன் சாப்பிட வேண்டும், ஆன்டிபாடி என்பதே புரதம்தான். தூக்கம். அப்புறம் தடுப்பூசி. "சக்தி கூட்டுவது" என்று ஒன்று உண்டு என்றால் எனக்குத் தெரிந்து அது தடுப்பூசிதான். அதுவும் குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு மட்டுமே கூட்டும்.

கல்லிடை முத்து:
ஸ்க்ரப் டைஃபஸுக்குத் தடுப்பூசி உண்டா? ஆச்சிக்கு ஒரு தடவை வந்துவிட்டதால் இனி வராதுதானே?

பாளை வாத்தியார்:
தடுப்பூசி கிடையாது. இனி வராது என்றும் சொல்ல முடியாது. ஒரியன்ஷியாவில் கார்ப், கில்லியம், கேட்டோ என்று பல ரகம். ஒன்றுக்கு உண்டான பாதுகாப்பு இன்னொன்றிடம் சரியாகச் செல்லாது, அந்த ஒன்றுக்கே நீண்ட நாள் நிற்பதும் இல்லை. தடுப்பூசி தயாரிக்க முயன்றவர்கள் முட்டிக்கொண்டதும் இந்த இரண்டிலும்தான். நல்லவேளை, மருந்து மலிவு. முற்றிய கேஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்த நாளம் வழியே கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது.

லேப் செல்வி:
வயலுக்குப் போகிறவர்களுக்கு: வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், குஞ்சு தோலில் ஊர்ந்துகொண்டிருந்தால் போய்விடும். போட்டிருந்த துணியை அன்றைக்கே துவையுங்கள். முழுக்கைச் சட்டை. புல் மேல் துண்டு விரித்துப் படுக்காதீர்கள், துவைத்த துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் வெட்கப்படாமல் உடம்பு முழுக்கப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் பொருக்கு வராது, அதனால் வயலுக்குப் போனதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வரப்புக்காரன்:
வரப்புல உக்காராம மத்தியானக் கஞ்சியை எங்க வச்சுக் குடிக்க, தங்கச்சி?

லேப் செல்வி:
தூக்குவாளியை வரப்பில் வைக்கலாம் அண்ணாச்சி. நீங்கள் பம்புசெட் திண்டில் உட்காருங்கள்.